யோசேபஸின் 'கொள்ளைக்காரர்': 'யூத யுத்தம்' பற்றி ஒரு திறனாய்வு

புதிய ஏற்பாட்டுக் காலத்தைப் பற்றி எழுதவோ பேசவோ முற்படும் எவரும் யோசேபஸை நாடாதிருத்தல் அரிது. ஏரோதின் கட்டடங்கள், பிலாத்துவின் ஆட்சி, பரிசேயர், சதுசேயர், எசேனியர் ஆகியோரின் கொள்கைகள், எருசலேமின் அழிவு ஆகிய யாவற்றுக்கும் நாம் அவரிடமே செல்லுகிறோம். வில்லியம் விஸ்டன் 1737இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னமும் பல போதகர்களின் புத்தக அலமாரிகளில் இடம் பெற்றிருக்கிறது. ஆயினும், நாம் அவரை ஒரு கற்குழியைப்போலவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். வேண்டிய கல்லைப் பெயர்த்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். 'யூத யுத்தம்' ஒரு மனிதர் ஒரு நோக்கத்தோடு, ஓர் அரசவையின் நிழலில் அமர்ந்து எழுதிய இலக்கியம் என்பதை மனத்திற்கொண்டு அதனை வாசித்தவர் நம்மிடையே சிலரே.

இக்கட்டுரை அந்நூலில் ஓயாது வரும் ஒரு சொல்லைப் பற்றியது. 'லேஸ்தேஸ்' என்பது அக்கிரேக்கச் சொல். 'லேஸ்தாய்' என்பது அதன் பன்மை. கொள்ளைக்காரன், வழிப்பறி செய்வோன் என்பது நேர்ப்பொருள். மலைப்பாதையில் மறைந்திருந்து ரோமப் படையைத் தாக்கியவனும் யோசேபஸுக்கு லேஸ்தேஸ். அந்நிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டியவனும் லேஸ்தேஸ். திருவிழாக் கூட்டத்தினுள் குறுவாளை மறைத்துச் சென்று பிரதான ஆசாரியனைக் கொன்றவனும் லேஸ்தேஸ். இக்காலத்தார் முதலாவதைக் கெரில்லாப் போர் என்றும், இரண்டாவதைக் கிளர்ச்சி என்றும், மூன்றாவதைப் பயங்கரவாதம் என்றும் பிரித்துப் பேசுவர். யோசேபஸ் பிரித்துப் பேசவில்லை. அதற்குக் காரணம் அறியாமையன்று. இம்மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பதே அவர் நூலின் முதன்மையான வேலை என்பது என் கருத்து. அந்தச் சொல்லைச் சோதியாமலே நாமும் நம் பிரசங்கங்களில் எடுத்தாண்டு வருகிறோம். அதே வேளையில், அச்சொல்லின் அநீதியைக் கண்டுகொண்ட இக்கால அறிஞர் சிலர் வேறொரு பிழைக்குள் சென்றிருக்கின்றனர். இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

முதலில் நூலாசிரியரைப் பற்றி ஒருசில சொற்கள். கி.பி. 37இல் எருசலேமில் ஆசாரியக் குடும்பமொன்றில் பிறந்த இவர், 66இல் யுத்தம் மூண்டபோது கலிலேயாவின் தளபதியாக அனுப்பப்பட்டார். 67இல் யோத்தபாத்தா கோட்டை 47 நாள் முற்றுகைக்குப் பின் விழுந்தது. குகையொன்றில் ஒளிந்திருந்த நாற்பது பேரும் சீட்டுப் போட்டு ஒருவர்பின் ஒருவராக மாண்டபோது, கடைசியில் எஞ்சிய இருவரில் இவர் ஒருவர். ரோமரிடம் சரணடைந்து, வெஸ்பாசியான் பேரரசனாவான் என்று முன்னுரைத்தார். 69இல் அது நிறைவேறவே விடுதலை பெற்றார். பின்பு ரோமாபுரியில் குடியுரிமையும், ஆண்டு உதவித்தொகையும், வெஸ்பாசியான் முன்பு குடியிருந்த வீட்டில் இடமும் பெற்று, எழுபதுகளின் பிற்பகுதியில் இந்நூலைக் கிரேக்கத்தில் ஏழு பாகங்களாக முடித்தார். தீத்து ராயன் தன் கையொப்பமிட்டு இதனை வெளியிடக் கட்டளையிட்டான் என்று அவரே பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் பெருமையோடு குறிப்பிடுகிறார். ஆகவே, கிளர்ச்சியை நடத்திய ஒருவர், கிளர்ச்சியை அடக்கியவனின் முத்திரையோடு, கிளர்ச்சியாளரைப் பற்றி எழுதிய நூல் இது. இத்தகைய நூல் உலக இலக்கியத்தில் மிகச் சிலவே.

இனி, பெத்தொரோன் கணவாயில் நிகழ்ந்ததைக் காண்போம். சீரியாவின் ஆளுநனாகிய கெஸ்தியு காலு, பன்னிரண்டாம் லேகியோனை முதன்மையாகக் கொண்ட பெரும்படையோடு 66இன் பிற்பகுதியில் எருசலேமுக்கு வந்தான். நகரத்தின் ஒரு பகுதியைத் தீக்கிரையாக்கி, தேவாலய மதிலண்டை வரையிலும் வந்தபின், யோசேபஸாலும் விளக்க முடியாத காரணத்தால் திடீரெனப் பின்வாங்கினான். திரும்பும் வழி பெத்தொரோன் இறக்கம். யோசுவாவின் காலத்திலும், பின்பு யூதா மக்கபேயு சேரோனின் படையை முறியடித்தபோதும் பேசப்பட்ட அதே மலைப்பாதை. திறந்த வெளியில் ரோமர் சென்றபோது யூதர் அதிகமாக நெருங்கவில்லை. பாதை குறுகியவுடன் ஒரு சாரார் முன்னே சென்று வாயை அடைத்தனர். மற்றொரு சாரார் பின்னணியைப் பள்ளத்துக்குள் தள்ளினர். மேட்டில் நின்றவர்கள் அம்புமாரி பொழிந்தனர். குதிரைப்படை செங்குத்தான சரிவில் ஏறவும் இயலாமல், ஒழுங்காக அணிவகுக்கவும் இயலாமல் தவித்தது. இரவில் கெஸ்தியு ஏறத்தாழ நானூறு வீரரைக் கூரைகளின்மேல் நிறுத்தி, காவலர் கூவும் குரலை எழுப்பச் செய்து, முழுப்படையும் அங்கிருப்பதாகத் தோற்றுவித்துவிட்டு நழுவினான். விடிந்தவுடன் அந்த நானூறு பேரும் மடிந்தனர். பீரங்கிகளுக்கு ஒப்பான கல்லெறி பொறிகளையும் மதிலிடிக்கும் கருவிகளையும் ரோமர் வழியிலே விட்டு ஓடினர். பின்பு எருசலேமின் முற்றுகையில் அவை அவர்கள்மேலேயே திருப்பப்பட்டன. மாண்ட காலாட்படையினர் மட்டும் 5,300 என்கிறார் யோசேபஸ்.

படைநூல் கற்போர் கெரில்லாப் போருக்கு இலக்கணமாகவே இதனைக் காட்டலாம். பேரரசின் படை ஒழுங்கில் வலியது. நிலத்தை அறிந்தவன் நிலத்தையே ஆயுதமாக்கி அவ்வொழுங்கைக் குலைக்கிறான். 1808இல் நெப்போலியனின் படைகளுக்கு எதிராக ஸ்பானியக் குடியானவர் செய்த 'சிறு போர்' கெரில்லா என்னும் சொல்லை உலகுக்குத் தருவதற்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, கலை முழு வளர்ச்சி பெற்றிருந்தது. ஆனால் திறனாய்வாளன் கவனிக்கவேண்டியது வேறொன்று. கெஸ்தியு பின்வாங்கத் தொடங்கிய கணத்தில் மதிலைவிட்டு வெளியேறித் துரத்தியவர்களை யோசேபஸ் 'லேஸ்தாய்' என்றே அழைக்கிறார். சில பத்திகள் கடந்து, கணவாயினுள் அதே துரத்தல் வெற்றியாகக் கனியும்போது அவர்கள் 'யூதர்' ஆகிவிடுகின்றனர். ஆட்கள் மாறவில்லை, ஆயுதங்கள் மாறவில்லை, பாதையும் ஒன்றே. வெற்றியின் பெருமை இனத்துக்குரியது, அதற்கு முந்தைய துணிவு கொள்ளைக்காரருக்குரியது என்று ஆசிரியரின் எழுதுகோல் தன்னையறியாமலே பங்கிட்டுவிட்டது. அவர் உள்ளத்தின் பிளவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நூலில் வேறில்லை எனலாம்.

தம்மைப் பற்றி எழுதும்போது அவர் இன்னும் வெளிப்படையாகிறார். தம் வாழ்க்கை வரலாற்றில், கலிலேயாவில் தாம் பொறுப்பேற்றபோது கண்ட நிலையை விவரிக்கிறார். நாடெங்கும் லேஸ்தாய், அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிப்பது இயலாது. ஆகவே அவர்களில் துணிவு மிக்கவர்களை அழைத்து, மக்கள் அவர்களுக்குக் கூலி கொடுக்கும்படி செய்தார். கொள்ளைபோவதைவிடச் சிறிது கொடுத்துத் தீர்ப்பது மேல் என்பது மக்களுக்கு அவர் சொன்ன நியாயம். அழைத்தாலன்றியும், கூலி பாக்கி விழுந்தாலன்றியும் அப்பகுதிக்குள் வருவதில்லை என்று ஆணையிடச் செய்து அவர்களை அனுப்பினார். கலிலேயாவின் தளபதி இவ்வாறு கொள்ளைக்காரருக்குச் சம்பளம் வழங்கும் அதிகாரியாகவும் ஆனார். ரோமருக்குப் பற்றுறுதி காட்டிய செப்போரி நகரத்தாரோ, எல்லைப்புறத்தில் எண்ணூறு பேரோடு திரிந்த கொள்ளைத்தலைவன் ஒருவனை யோசேபஸுக்கு எதிராக விலைக்கு வாங்கினர். (அவன் பெயர் இயேசு என்பது, அப்பெயர் அக்காலத்தில் எவ்வளவு சாதாரணம் என்பதற்குச் சான்று.) அவனையும் யோசேபஸ் பிடித்து, இனித் தமக்கு உண்மையாயிருக்கும்படி சொல்லி விட்டுவிட்டார். இரு தரப்பாரும் வாடகைக்கு எடுத்த ஆட்கள், வாடகை நின்றவுடன் கொள்ளைக்காரர்!

யோத்தபாத்தா முற்றுகையிலோ, ஒழுங்கான போர்முறைக்குப் புறம்பான தந்திரங்கள் யாவையும் தாமே கையாண்டதாகக் களிப்போடு எழுதுகிறார். தண்ணீர் வற்றிய நாளில், நனைத்த ஆடைகளை மதிலின்மேல் தொங்கவிட்டு நீர் சொட்டச் செய்து எதிரியை ஏமாற்றினார். ரோமர் மதிலுக்கு இட்ட ஏறுபலகைகளின்மேல் வேகவைத்த வெந்தயத்தை ஊற்றி வழுக்கி விழச் செய்தார். நம் வீட்டு அடுக்களைப் பொருள் உலக யுத்த வரலாற்றில் இடம் பெற்றிருப்பது படிப்போருக்குப் புன்முறுவலை வருவிக்கும். ஆனால் கீஸ்காலாவூர் யோவானோ, கியோராவின் மகன் சீமோனோ இத்தகைய தந்திரம் செய்தால், அது வஞ்சகம், நெஞ்சழுத்தம், கொள்ளைக்காரப் புத்தி.

இச்சொல்லாட்சி யோசேபஸின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. ரோமச் சட்ட அறிஞர் இதனை வரையறுத்தே வைத்திருந்தனர். ரோம மக்கள் எவர்மேல் முறைப்படி யுத்தம் அறிவித்தனரோ, அல்லது எவர் ரோமர்மேல் அவ்வாறு அறிவித்தனரோ அவர்களே 'பகைவர்'. மற்றோர் கொள்ளைக்காரர், சூறையாடுவோர். இரண்டாம் நூற்றாண்டில் பொம்போனியுவும் மூன்றாம் நூற்றாண்டில் உல்பியானும் இதனை எழுதி வைத்தனர். பகைவனுக்குப் போர்முறை சார்ந்த சில உரிமைகள் உண்டு. கொள்ளைக்காரனுக்கு இருப்பது சிலுவை. ஆகவே லேஸ்தேஸ் என்பது ஒருவன் செய்த செயலைக் குறிக்கும் சொல்லாக மட்டும் நிற்கவில்லை. அவன் எந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டான் என்பதையும் அறிவிக்கும் சொல்லாயிற்று. 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் உடன்படிக்கைதான், அந்நிய ஆட்சிக்கு எதிராகத் தன்னுரிமைக்காகப் போரிடுவோர் தாக்குதலின்போது ஆயுதத்தை வெளிப்படையாகத் தாங்கியிருப்பார்களாயின் அவர்களுக்கும் போர்க்கைதி நிலை உண்டு என்று எழுதி, அப்பழைய வரையறையைப் பெருமளவுக்குத் தளர்த்தியது. அவ்வுடன்படிக்கையே, குடிமக்கள் நடுவே அச்சத்தைப் பரப்புவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட வன்செயலையும் தடுத்தது. அத்தடை சீருடை தரித்தவனுக்கும் தரியாதவனுக்கும் ஒன்றாகவே உரியது.

இவ்வளவுகோலை இரு தரப்பின்மேலும் வைத்துப் பார்த்தால் யோசேபஸின் நூல் நமக்கு வேறொரு நூலாகத் தோன்றும். சிக்காரியர் என்போர், சிக்கா என்னும் குறுவாளால் பெயர் பெற்றவர். பேலிக்ஸ் ஆளுநனாயிருந்த ஐம்பதுகளில், பண்டிகைக் கூட்டத்தில் கலந்து, ஆடைக்குள் மறைத்த வாளால் குத்தி, உடனே மற்றவர்களோடு சேர்ந்து தாங்களும் கூக்குரலிட்டு மறைவார்கள். முதற்பலி முன்னாள் பிரதான ஆசாரியனாகிய யோனத்தான். கொலைகளைவிடக் கொலை பற்றிய அச்சமே நகரத்தை அதிகம் வாட்டியது என்றும், நெருங்கி வரும் நண்பனையும் மனிதர் நம்பாதொழிந்தனர் என்றும் 'யூத யுத்தம்' கூறுகிறது. பயங்கரவாதத்தின் உள்ளியல்பை இதைவிடக் கூர்மையாக எழுதிய பண்டை ஆசிரியர் வேறொருவரை நான் அறியேன். இருபது ஆண்டுகளுக்குள் அவர் எழுதிய 'யூதர் பழமை வரலாறு' இதே கொலையை மீண்டும் சொல்லுகிறது. அங்கே, தன் ஆட்சியைக் குறித்து ஓயாமல் கடிந்துகொண்ட யோனத்தானை ஒழித்துவிட விரும்பியவன் ஆளுநனாகிய பேலிக்ஸே. யோனத்தானின் நம்பிக்கைக்குரிய நண்பனான தோராஸ் என்பவனுக்குப் பணம் கொடுத்து, அவன்மூலம் லேஸ்தாயைக் கொண்டுவரச் செய்தவன் அவனே. கொலை தண்டிக்கப்படாமல் போகவே கொலைஞருக்குத் துணிவு பிறந்தது. குறுவாள் ஒன்றே, அதைப் பிடித்த கைக்குப் பின்னால் நின்றவன் முதல் நூலில் இல்லை, இரண்டாம் நூலில் இருக்கிறான். பவுலைச் சிறையில் வைத்துக்கொண்டு நீதியையும் இச்சையடக்கத்தையும் பற்றிக் கேட்டு நடுங்கிய பேலிக்ஸ் இவனே என்பதை வாசகர் மறவார்.

அல்பீனுவின் நாட்களில் சிக்காரியர் வேறொரு வழியைக் கண்டனர். தேவாலயத் தலைவனாகிய எலெயாசாரின் எழுத்தனைப் பிடித்துச் சென்று, சிறையிலிருக்கும் தங்கள் ஆட்கள் பத்துப் பேரை விடுவித்தால் அவனை அனுப்புவோம் என்றனர். விடுவிக்கப்பட்டனர், அதன்பின் கடத்தல்கள் பெருகின. ஆட்கடத்தலும் கைதி மாற்றமும் நம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள் என்று எண்ணுவோர் இப்பகுதியை ஒருமுறை வாசிப்பார்களாக.

மறுபுறம் ரோமர் செய்தவற்றை யோசேபஸ் முற்றிலும் மறைத்தார் என்பதும் நியாயமாகாது. தேவாலயக் கருவூலத்தினின்று பதினேழு தாலந்து எடுத்த புளோருவைப் பரிகசித்து, சில இளைஞர் 'ஏழைப் புளோருவுக்கு' என்று கூடையேந்திப் பிச்சை கேட்டனர். அதற்குப் பழியாக மேல்நகரச் சந்தை சூறையாடப்பட்டது. பெண்டிரும் குழந்தைகளும் உட்பட 3,600 பேர் மாண்டனர் என்று அவரே கணக்குத் தருகிறார். கொள்ளைக்காரரோடு புளோரு பங்கு போட்டான் என்றும் கூசாமல் எழுதுகிறார். ஆனால் தீய ஆளுநனை அவர் கண்டிப்பது, நல்ல பேரரசனைக் காப்பதற்காக. முற்றுகையின்போது பசியால் இரவில் உணவு தேடி வெளியே வந்த ஏழைகளைப் பிடித்து, நாளொன்றுக்கு ஐந்நூறு பேருக்குக் குறையாமல் மதிலுக்கு எதிரே சிலுவையில் அறைந்தனர். சிலுவைகளுக்கு இடமும், உடல்களுக்குச் சிலுவைகளும் போதவில்லை என்னும் அளவுக்கு அது நடந்தது. தீத்து இரங்கினான், ஆயினும் அக்காட்சியைக் கண்டு அஞ்சி நகரத்தார் சரணடைவார்கள் என்று கருதித் தடுக்கவில்லை என்கிறார் ஆசிரியர். குடிமக்களை அச்சுறுத்திப் பணியவைப்பதற்காகச் செய்யும் கொலை என்னும் வரையறை எழுத்துக்கு எழுத்து இங்கே பொருந்துகிறது. பயங்கரவாதம் என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட ஐரோப்பியச் சொல்லும், 1790களில் பிரெஞ்சுப் புரட்சி அரசாங்கத்தின் ஆட்சிமுறையைக் குறிக்கவே முதலில் பிறந்தது. அது அரசுக்கு எதிராயிருப்போரை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது பிற்காலத்தில்.

இச்சொல்லுக்கும் நம் பிரசங்கபீடத்துக்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். மாற்குவும் மத்தேயுவும் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டவர்களுக்கு வழங்கும் சொல் லேஸ்தாய். யோவான் பரபாசுக்கு வழங்குவதும் லேஸ்தேஸ். கெத்செமனேயில் தம்மைப் பிடிக்க ஆயுதங்களோடு வந்தவர்களைப் பார்த்து, தம்மை யாராக எண்ணி வந்தனர் என்று ஆண்டவர் கேட்கும் கேள்வியிலும் அதே சொல். நாம் ஆலயங்களில் வாசித்து வரும் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடங்களிலெல்லாம் 'கள்ளன்', 'கள்ளர்' என்கிறது. யோவான் பத்தாம் அதிகாரத்தில் மட்டும், கிரேக்கத்தில் இரு சொற்கள் அடுத்தடுத்து நிற்பதால், கள்ளன் ஒருவன், கொள்ளைக்காரன் ஒருவன் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. இதன் விளைவு யாது? பெரிய வெள்ளிக்கிழமையில் மும்மணி ஆராதனையில் நாம் 'நல்ல கள்ளனை'ப் பற்றிப் பேசும்போது, சபையார் மனக்கண்ணில் தோன்றுபவன் ஆடு திருடியவன், அல்லது சந்தையில் முடிச்சவிழ்த்தவன். சாதாரணத் திருட்டுக்கு ரோமர் சிலுவை விதிப்பது வழக்கமன்று. பரபாஸ் கலகத்தில் கொலை செய்தவரோடு காவலில் இருந்தவன் என்று மாற்கு விளக்குவதையும், நடுச்சிலுவையின்மேல் எழுதப்பட்ட குற்றச்சாட்டு அரசுரிமை பற்றியது என்பதையும் சேர்த்து வாசித்தால், அன்று கொல்கொதாவில் ரோமர் தண்டித்தது திருட்டை அன்று என்பது புலனாகும். லூக்கா மட்டும் அச்சொல்லை விலக்கி, 'குற்றவாளிகள்' என்னும் பொதுச்சொல்லை ஆளுகிறார். யுத்தத்துக்குப் பின் எழுதிய அவர், கேட்போர் செவியில் லேஸ்தேஸ் என்பது எவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிந்தே மாற்றினார் எனக் கருத இடமுண்டு. அவரே அப்போஸ்தலர் நடபடிகளில், பவுலை நாலாயிரம் சிக்காரியரின் தலைவனென்று படைத்தலைவன் சந்தேகித்ததை எழுதுகிறார். அங்கே நம் மொழிபெயர்ப்பு 'கொலைபாதகர்' என்று நின்றுவிடவே, இயக்கத்தின் பெயரே வாசகருக்கு மறைந்துபோயிற்று.

தமிழில் 'கள்ளர்' என்னும் சொல்லுக்கு வேறொரு துயர வரலாறும் உண்டு. அது ஒரு சமுதாயத்தின் பெயருமாகும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டனர். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தவர்மேல் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். 1947இல்தான் அம்மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒரு பேரரசு தன் பதிவேட்டில் எழுதும் பெயர் எத்தகையது என்பதை அறிய நாம் ரோமாபுரிவரை செல்லவேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் நம்மிடையே உண்டு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, செலோத்தே எனப்பட்ட சீமோனைத் 'தீவிரவாதி' ஆக்கிவிட்டது. செலோத்தியர் என்னும் பெயருடைய ஒரு கட்சியை யோசேபஸ் காட்டுவது யுத்த காலத்திலேயே. அதற்கு முன்னர் அச்சொல் நியாயப்பிரமாணத்தின்மேல் வைராக்கியம் உடையவனையே குறித்திருக்கலாம். அதே மொழிபெயர்ப்பில் சிலுவையில் தொங்கியவர்கள் கள்வராகவே நீடிக்கின்றனர்! சீடன் தீவிரவாதி, கலகக்காரன் கள்வன் என்னும் இந்தத் தலைகீழ் நிலை, மொழிபெயர்ப்பாளர் யோசேபஸை ஒரு கையிலும் செய்தித்தாளை மறுகையிலும் வைத்து வாசித்ததன் விளைவோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

இனி அறிஞர்களைப் பற்றி. 1967இல் பிராண்டன் வெளியிட்ட நூல் இயேசுவைச் செலோத்தியரின் அணுக்கராகவே காட்ட முயன்றது. அவரது வாதம் சுவிசேஷகர் எழுதியதைவிட எழுதாமல் மறைத்ததாகத் தாம் கருதியதன்மேல் அதிகம் கட்டப்பட்டிருப்பதால் நிலைக்கவில்லை. ஹெங்கல் அதற்கு அளித்த மறுப்பு வலியது. அதிகம் பயனுள்ளது ஹார்ஸ்லியின் ஆராய்ச்சி. ஹாப்ஸ்பாம் 1959இலும் 1969இலும் எழுதிய நூல்களில் விளக்கிய 'சமுதாயக் கொள்ளையன்' என்னும் கருத்தைப் பாலஸ்தீனத்துக்குப் பொருத்தி, வரியாலும் கடனாலும் நிலமிழந்த குடியானவரே மலைக்குச் சென்று லேஸ்தாய் ஆயினர் என்று அவர் காட்டினார். 66இல் கிளர்ச்சியாளர் எருசலேமில் முதலாவது செய்தவற்றுள் ஒன்று, கடன்பத்திரங்கள் வைக்கப்பட்டிருந்த ஆவணச் சாலையைக் கொளுத்தியது என்பதை நோக்கின், இதன் உண்மை விளங்கும். யோசேபஸ் 'கொள்ளை' என்று மூடிய இடத்தில் கடன்பட்டவனின் முகத்தைத் திறந்து காட்டியது பெரும் தொண்டு.

ஆனால் ஹார்ஸ்லி 1979இல் சிக்காரியரைப் பற்றி எழுதிய கட்டுரையில், அவர்கள் ரோமருக்குத் துணைநின்ற மேல்தட்டாரை மட்டும் தேர்ந்து தாக்கியவர்கள், கண்மூடிக் கொன்றவர்களல்லர் என்னும் பொருள்பட வாதிக்கிறார். யோனத்தானுக்கு இது பொருந்தும். என்கேதிக்குப் பொருந்துமா? 66இல் மசாதாவைக் கைப்பற்றிய சிக்காரியர், யுத்தத்தின் நடுவே ஒரு பஸ்கா இரவில் சாக்கடலோரத்து என்கேதி ஊரின்மேல் இறங்கினர். எதிர்க்கக்கூடியவர் ஆயுதமெடுக்குமுன் சிதறடிக்கப்பட்டனர். ஓட இயலாத பெண்களும் குழந்தைகளும் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விளைந்த தானியம் மசாதாவுக்குச் சென்றது. அங்கே ரோமன் இல்லை, பிரதான ஆசாரியன் இல்லை, வட்டிக்காரன் இருந்ததாகவும் குறிப்பில்லை. யூதர் யூதரைக் கொன்றனர், உணவுக்காக. யோசேபஸ் பகையினால் தொகையைக் கூட்டியிருக்கலாம் என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாறாயின், சிக்காரியருக்கு மேன்மை தேடித்தரும் மசாதாவின் இறுதிக் காட்சியையும் அதே ஐயத்தோடு வாசிக்க வேண்டும். ஒன்றை நம்பி மற்றொன்றைத் தள்ளுவது வரலாற்று முறையன்று.

நம் காலத்தில் நிகழ்ந்ததோ அதுவே. யீகேல் யாதின் 1963 முதல் 1965 வரை மசாதாவை அகழ்ந்தபின், அக்குன்று ஒரு தேசத்தின் வீரச் சின்னமாயிற்று. அக்கதை சொல்லப்பட்டபோதெல்லாம் என்கேதி எவ்வாறு விடப்பட்டது, 'சிக்காரியர்' என்னும் பெயர் எவ்வாறு 'செலோத்தியர்' என மாற்றப்பட்டது என்பதை நாக்மான் பென்-யெகூதா 1995இல் ஒரு நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். ரோமன் கொள்ளைக்காரன் என்றெழுதிக் கிளர்ச்சியாளனின் நியாயத்தை அழித்தான்; பின்வந்தோர் வீரன் என்றெழுதி எழுநூறு பேரை அழித்தனர். ஆளப்படுவோரின் பக்கம் நிற்கும் இறையியல் நமக்கு வேண்டும் என்று இன்று நம் மாணவர் கூறுவது சரியே. ஆனால் அந்தப் பக்கத்திலும் ஓட இயலாதோர் இருந்தனர் என்பதைக் கணக்கில் கொள்ளாத இறையியல் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று நான் அவர்களைக் கேட்க விரும்புகிறேன்.

நூலின் அமைப்பிலேயே ஆசிரியர் ஒரு தடயத்தை விட்டுச் சென்றிருக்கிறார். என்கேதிக்கு நாலாம் பாகத்தில் ஒருசில வாக்கியங்களே கிடைத்தன. ஏழாம் பாகத்திலோ, மசாதாவின் தலைவனாகிய எலெயாசாருக்கு அவர் இரு பேருரைகளைப் படைத்துக் கொடுத்தார். அடிமையாவதைவிடச் சாவது மேலென்று அவன் பேசுகிறான். அவ்வுரையைக் கேட்டு 960 பேர் மடிந்ததாக நூல் கூறுகிறது. இது யோசேபஸ் இயற்றிய உரை என்பதில் ஐயமில்லை. யோத்தபாத்தா குகையில் சீட்டுப் போட்டு உயிர் தப்பியவர், சீட்டுப் போட்டு உயிர் விட்டவர்களுக்கு எழுதிய உரை அது. அதன் முற்பகுதியில், பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடும் ஓரிடத்தில், எலெயாசார் தன் ஆட்களை நோக்கி, பகைவர்மேல் சென்ற தீ திடீரென நம் மதிலின்மேல் திரும்பியது தற்செயலன்று, நாம் வெறிகொண்டு நம் சொந்த இனத்தார்மேல் செய்த அநியாயங்களுக்காகக் கடவுள் நம்மேல் கொண்ட சினம் அது என்னும் பொருள்படச் சொல்லுகிறான். எந்த அநியாயம் என்று அவன் பெயரிட்டுச் சொல்லவில்லை. நாலாம் பாகத்தை வாசித்திருப்பவன் அறிவான்.

மசாதாவில் நடந்ததை வெளியே சொன்னவர், தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்தினுள் ஐந்து குழந்தைகளோடு ஒளிந்து தப்பிய இரு பெண்கள். அவர்களுள் ஒருத்தி எலெயாசாரின் உறவினள், அறிவிற் சிறந்தவள் என்கிறார் யோசேபஸ். மறுநாள் உள்ளே நுழைந்த ரோமருக்கு எலெயாசார் பேசியதையும் நடந்த யாவற்றையும் தெளிவாக எடுத்துரைத்தவளும் அவளே. அவள் பெயரை அவர் எழுதவில்லை. என்கேதியிலிருந்து அவ்வாறு எடுத்துரைக்க வந்த ஒருத்தியும் அவர் நூலில் இல்லை.